தூது போகும் கலை

கலைஞரைத் தூதராக அனுப்பும் வழக்கம் அரசுகளுக்குப் புதிதன்று. ஆனால், சென்ற இடத்தில் பேசுவது கலையா, அரசா என்ற வினா எழும்போது அனுப்பியவரும் அழைத்தவரும் ஒருங்கே சங்கடப்படுகின்றனர். இவ்வினாவை ஆராய, 1975ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நின்றுபோன ஒரு பயணத்தை நாம் எடுத்துக்கொள்வோம்.

1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்ஸன் பீக்கிங் சென்றபோது, 'செம்மகளிர் படை' என்னும் பாலே நாட்டிய நாடகம் அவருக்குக் காட்டப்பட்டது. நிலப்பிரபுவின் பிடியிலிருந்து தப்பிய பெண்ணொருத்தி செம்படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தும் கதை அது. புரட்சிப் பிரசாரமே அதன் உயிர்நாடி. விருந்தினரோ இறுதிவரை அமர்ந்து பார்த்துப் பாராட்டினார். அவ்வாண்டின் இறுதியில் ஷென்யாங் நகரத்து வித்தைக் குழு அமெரிக்கா சென்றது. 1973இல் பிலடெல்பியா இசைக்குழு சீனம் சென்றது.

அடுத்து, 1975இல் சீனக் கலைக்குழு ஒன்று அமெரிக்கா செல்வதாக இருந்தது. அதன் நிகழ்ச்சி நிரலில் தைவான் மக்களைச் சகோதரர் என விளித்து, அத்தீவை விடுவிப்போம் என்று உறுதிகூறும் பாடல் ஒன்று இடம்பெற்றது. அந்நாளில் தைவானிலிருந்த அரசையே அமெரிக்கா அங்கீகரித்திருந்தது. ஆதலின் வெளியுறவுத் துறை அப்பாடலை ஆட்சேபித்தது. சீனம் அதனை நீக்க மறுத்தது. பயணம் காலவரையின்றித் தள்ளிவைக்கப்பட்டது.

கலைக்குள் அரசியலைப் புகுத்திவிட்டனர் என்று குறைகூறுவது எளிது. அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. அரசியல் காரணமாகவே அழைக்கப்பட்ட குழு அது. பீக்கிங் அரங்கில் முழுநீளப் புரட்சி நாடகத்துக்குக் கைதட்டியவர்கள், தம் ஊரில் ஒரு பாட்டுக்கு அஞ்சியது ஏன்? ஒரு பாடலைக் கேட்டுவிட்டு அதன் கருத்தை ஏற்கவோ தள்ளவோ தம் மக்களுக்கு அறிவுண்டு என்று நம்பியிருந்தால், மேடையை மூடவேண்டிய தேவை நேர்ந்திராது.

எனினும், சீன அரசு பாட்டின் உரிமைக்காக நின்றது என்று சொல்லவும் நம்மால் இயலாது. அந்த மார்ச்சு மாதத்திலேதான், பீக்கிங் இசைநாடகத்தின் பெருநடிகர்களுள் ஒருவரான சோ சின்ஃபாங் ஷாங்காயில் காலமானார். மன்னனுக்கு அஞ்சாது அறிவுரை கூறிய ஹாய் ரூய் என்னும் அமைச்சரின் வேடத்தை 1959இல் ஏற்று நடித்தவர் அவர். கலாசாரப் புரட்சியின்போது அதுவே குற்றமாகிச் சிறைவாசத்துக்கும் அவமதிப்புக்கும் உள்ளானார். பழைய நாடகங்கள் மேடையிலிருந்து விலக்கப்பட்டு, ஒப்புதல் பெற்ற சில 'முன்மாதிரிப் படைப்புகள்' மட்டுமே ஓங்கியிருந்த காலம் அது. உள்நாட்டில் எத்தனையோ பாடல்களை ஊமையாக்கிய அரசு, வெளிநாட்டில் ஒரு பாடலை விட்டுக்கொடுக்க மறுத்தது. இருதரப்பு வாதத்திலும் பாடகர்கள் எங்கும் காணப்படவில்லை!

மா சே துங் 1976இல் மறைந்தார். அடுத்த மாதமே, முன்மாதிரிப் படைப்புகளுக்குத் தலைமை தாங்கிய அவர் மனைவி சியாங் சிங் கைதானார். 1978 ஜூலையில் சீனக் கலைக்குழு நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அரங்கில் ஆடிற்று. நடிகரின் திறமை அந்த மூன்றாண்டுகளில் புதிதாகப் பிறந்ததன்று. அனுமதி மட்டுமே புதிது.

அவ்வாறாயின் கலைத்தூது முழுதும் வீண்தானா? இல்லை. 1935இல் சோவியத் அழைப்பை ஏற்று மெய் லான்ஃபாங் மாஸ்கோ சென்றார். அதுவும் அரசு ஏற்பாடே. ஆனால் அங்கு அவர் நடிப்பைக் கண்ட ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட், சீன நடிப்புமுறை பற்றி எழுதிய கட்டுரை உலக நாடகச் சிந்தனையையே கிளறிவிட்டது. விருந்துகளையும் வரவேற்புரைகளையும் இன்று யார் நினைக்கிறார்கள்? ஒரு நடிகரின் கையசைவு மற்றொரு நாட்டுக் கலைஞரின் சிந்தனையில் தங்கிவிட்டது.

ஆகவே, அயல்நாட்டுக் குழுவொன்று வரும்போது அதனைப் புறக்கணிக்கவும் வேண்டா. மயங்கிப் போற்றவும் வேண்டா. ஆட்டத்தை ஆட்டமாக ரசிப்போம். கூடவே, நிகழ்ச்சி நிரலில் உள்ளவற்றோடு, அதில் இடம்பெறாதவை எவை, இடம்பெறாத கலைஞர் எங்கே என்றும் கேட்போம். திறனாய்வாளன் அரசுகளுக்குச் செய்யக்கூடிய உபசாரம் இவ்வளவே. கலைஞனுக்குச் செய்யவேண்டிய கடமையும் இதுவே.