சாய்ந்த முகத்துக்கு ஒரு தனித் தோற்றம்

கிடைத்தளத்துக்கு 60 பாகை சாய்ந்த ஒரு முகத்தில் 50 மி.மீ. விட்டமுள்ள வட்டம் இருக்கிறது என்று கொள்வோம். முன்தோற்றத்தில் அந்த முகமே ஒரு சாய்கோடாகச் சுருங்கிவிடும். மேல்தோற்றத்தில் வட்டம் 25 மி.மீ. குறுக்களவுள்ள நீள்வட்டமாகும், பக்கத் தோற்றத்தில் அந்தக் குறுக்களவு 43.3 மி.மீ. மூன்றும் விதி பிசகாமல் வரையப்பட்டவைதான், ஆனால் வட்டத்தை எதிலும் காணோம். ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் பொருளை வீழ்த்திக் காட்டும் முறையைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் காஸ்பார் மோங்கே 18ஆம் நூற்றாண்டில் மெசியேர் ராணுவப் பள்ளியில் வகுத்தார். பல ஆண்டுகள் ராணுவ ரகசியமாக இருந்த அது, 1795இல்தான் பாரிஸில் வெளிப்படையாகக் கற்பிக்கப்பட்டது. தளங்களுக்கு இணையாக நிற்கும் முகங்களை மட்டுமே அம்முறை உள்ளபடி காட்டும். சாய்ந்த முகத்துக்கு அதற்கே இணையாக இன்னொரு தளம் நிறுத்த வேண்டும். அதில் விழுவதுதான் துணைத் தோற்றம்.

இதன் பயன் உண்மை வடிவத்தைக் காட்டுவது என்று பாடநூல்கள் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. அதைவிடப் பெரிய பயன் ஒர்க் ஷாப்பில் இருக்கிறது. சாய்முகத்தில் துளை போடுபவர் அந்த முகம் கிடையாக வரும்படி ஜாபைச் சாய்த்துப் பிடிக்கிறார். கோணம் அமைக்க உதவும் 200 மி.மீ. சைன் பாரில் 30 பாகை வேண்டுமானால் ஒரு முனைக்குக் கீழே 100 மி.மீ. உயரத்துக்கு ஸ்லிப் கேஜ் வைப்பார். அப்போது டிரில் இறங்கும் திசையும் துணைத் தோற்றம் பார்க்கும் திசையும் ஒன்றே. தாளில் உள்ள அளவைக் கணக்குப் போட்டு மாற்றாமல் அப்படியே குறிக்கலாம். பின்னர் சோதிப்பவரும் அதே அளவையே அளப்பார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. முகம் கோடாகத் தெரியும் முன்தோற்றத்தில் சரிவின் நீளம் குறையாமல் இருக்கிறது. ஆழம் மேல்தோற்றத்தில் சரியாக இருக்கிறது. இரண்டிலும் ஆளுக்கொரு அளவு எழுதிவிட்டால் துளையின் மையம் கிடைத்துவிடுமே? ஒற்றைத் துளைக்கு இது முற்றிலும் சரி. அங்கே துணைத் தோற்றம் போடுவது தாளுக்குத்தான் செலவு. ஆனால் ஒரு வட்டத்தில் அமைந்த நான்கு துளைகளோ, முகத்துக்குள்ளேயே கோணலாக ஓடும் காடியோ வந்தால், அளவுகள் இரண்டு தோற்றங்களில் சிதறிவிடும். அவற்றைப் படிப்பவர் மனத்துக்குள் ஒட்டவைக்க வேண்டும். பிழை நுழைவது அங்கேதான்.

துணைத் தோற்றத்தின் குறைகளில் முதன்மையானது, ஒரு முகத்தை நேராக்கும் தோற்றம் அதற்கு இணையாக இல்லாத மற்ற முகங்களைக் கோணலாக்குகிறது என்பது. முழுப் பொருளையும் அதில் வரைந்தால், வேண்டிய நான்கு கோடுகளைச் சுற்றி வேண்டாத நாற்பது கோடுகள் வந்து நிற்கும். சாய்முகத்தை மட்டும் வரைந்து முறிவுக்கோடு போட்டு நிறுத்தும் பகுதித் தோற்றமே பெரும்பாலும் போதும். நம் பொறியியல் கல்லூரிகள் பலவற்றிலோ, சாய்ந்து நிற்கும் பட்டகத்தையும் கூம்பையும் துணைத் தளத்தைக் குறிக்கும் எக்ஸ்1 ஒய்1 கோட்டுக்கு அப்பால் முழுசாக வரைவதே பயிற்சி. கற்பனைத் திறனுக்கு அது நல்லதுதான். ஆனால் எதை வரையாமல் விடலாம் என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. தோற்றத்தைப் பொருளுக்கு அப்பாலுள்ள தளத்தில் வீழ்த்தும், நாம் பின்பற்றும் முதற்கோண முறையும் சிக்கலைக் கூட்டுகிறது. மூன்றாம் கோண முறையில் துணைத் தோற்றம் சாய்முகத்தின் பக்கத்திலேயே அமரும்; முதற்கோணத்தில் பொருளைத் தாண்டி மறுபுறம் போய்விடும். அம்புக்குறியும் எழுத்தும் இட்டு வசதியான இடத்தில் வைப்பது இங்கே நல்ல தீர்வு. எந்த முதன்மைத் தளத்துக்கும் செங்குத்தாக இல்லாத முகத்துக்கு இரண்டு துணைத் தோற்றங்கள் தேவை. டிவைடரால் அளவு கடத்தும்போது முதலாவதில் நேர்ந்த பிசகு இரண்டாவதிலும் தொடரும்.

முப்பரிமாண மாடல் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். டிவைடர் வேலை போனது உண்மை. ஆனால் திரையில் சாய்முகத்தைத் தேர்ந்தெடுத்து அதற்கு நேராகத் திருப்பிப் பார்ப்பவர் செய்வதும் துணைத் தோற்றம் எடுப்பதே. துளை வைக்கப் பெரும்பாலும் அந்த முகத்திலேயே ஸ்கெட்ச் போடுகிறார்கள். வரையும் உழைப்பு போனதோடு கட்டுப்பாடும் போனதுதான் புதிய சிக்கல். மென்பொருள் ஒரே சொடுக்கில் முழுப் பொருளின் துணைத் தோற்றத்தைத் தாளில் கொட்டிவிடுகிறது. கையால் வரைந்தவர் சோம்பலிலாவது தேவையற்ற கோடுகளை விட்டார். இப்போது அவற்றை நீக்கத்தான் கூடுதலாக ஒரு கட்டளை கொடுக்க வேண்டியிருக்கிறது.