கரிசல் சாலையில் தளரும் முன்பக்கம்: ஒரு பழைய எஸ்யூவியோடு வாழ்ந்த அனுபவம்

ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகும் இந்த டீசல் எஸ்யூவியின் என்ஜின் காலையில் ஒரே ஸ்டார்ட்டில் எழுந்துவிடுகிறது. கியர்பாக்ஸில் முரண்டு இல்லை. மே மாத விருதுநகர் வெயிலிலும் ஏசி மூன்று வரிசை ஆட்களையும் குளிர வைக்கிறது. கதவை அடைத்தால் இன்றும் புது வண்டிச் சத்தம். இப்படிப்பட்ட வண்டியை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு வருவதற்கு ஒரே காரணம் முன்பக்க சஸ்பென்ஷன். லோயர் ஆர்ம், அதன் புஷ்கள், பால் ஜாயின்ட், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட் என்று ஏதாவது ஒன்று மாற்றி மாற்றிப் போய்க்கொண்டே இருக்கிறது.

கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏழு பேர் உட்காரும், தனிச் சேஸிஸ் இல்லாத மோனோகாக் வண்டி, முன்சக்கர இழுவை என்று மட்டும் சொன்னால் போதும். இதே அமைப்பில் வந்த வேறு கம்பெனி வண்டிகளும் இதே குறையோடு அதே ஒர்க்‌ஷாப்பில் எனக்கு முன்னும் பின்னும் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் போனது லிங்க் ராடு. முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது. மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் இடது முன்பக்கத்தில் டொக் டொக் என்று ஒரு சத்தம். வேகம் கூடினால் கேட்காது. சர்வீஸ் சென்டரில் கிரீஸ் வைத்து அனுப்பினார்கள், ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. அடுத்து லோயர் ஆர்மின் பின்பக்க புஷ் கிழிந்தது. பிரேக்கை மிதித்தால் கால் அடியில் ‘தட்’ என்று ஓர் உதை, ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் பிடித்தால் மறுபடியும் ஒன்று. வாரண்டி காலம் முடியவில்லை. ஆனாலும் புஷ் தேய்மானப் பாகம், வாரண்டியில் வராது என்றார்கள். தேய்மானம் என்பது ஒரு காலத்துக்குப் பிறகு வருவது. ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்குள் ரப்பர் துண்டு துண்டாகக் கையோடு வந்தால் அதைத் தேய்மானம் என்று நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

அதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. வண்டியோடு வந்த பாகம் உழைத்த தூரத்தில் பாதிகூட, பிறகு மாற்றிய ஒரிஜினல் பாகம் உழைக்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் பாகம், கூலி, வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குக் குறையாமல் பில் வருகிறது. புஷ் தளர்ந்த காலத்தில் அலைன்மென்ட் நிற்காது, முன் டயர்களின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகிவிடும். அப்படி நல்ல டயர்களையும் பாதி வாழ்நாளில் கழற்றிப் போட்டேன்.

சாலையைக் குறை சொல்லாமல் வண்டியை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது. அச்சக வேலை தொடர்பாக நான் போய் வரும் இடங்கள் சிவகாசி, திருத்தங்கல், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, சாத்தூர். மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகக் கோவில்பட்டிக்குப் போகும் நான்குவழிச் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். அதை விட்டு இறங்கினால் கரிசல் ஆரம்பம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீரைக் குடித்து உப்பி, பங்குனி, சித்திரையில் வெடித்துச் சுருங்கும் மண் அது. அதன்மேல் போட்ட தார்ச்சாலை மண்ணோடு சேர்ந்து எழும்பி அடங்குகிறது. மேலே குழியே தெரியாது, ஆனால் சாலை அலை அலையாக நெளிந்திருக்கும், ஓரம் பிளந்து கிடக்கும். இரண்டு முன்சக்கரமும் வேறு வேறு நேரத்தில் ஏறி இறங்கும். லிங்க் ராடுக்கு இதைவிடக் கொடுமையான சாலை கிடையாது, அதன் வேலையே இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வரும் ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதுதான்.

நான் போக வேண்டிய பட்டாசு ஆலைகள் ஊருக்குள் இருப்பதில்லை. பாதுகாப்பு விதிப்படி வீடுகளிலிருந்து தள்ளி, கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி விட்டுப் பொட்டலில் இருக்கும். பெரும்பாலும் கடைசி ஒரு கிலோமீட்டர் மண்பாதை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சரக்கு லாரிகள் அந்தப் பாதையை உழுதுவிடும். இதற்கு மேல், வெள்ளைக்கோடு அடிக்காத வேகத்தடைகள். பிரேக் பிடித்தபடியே வேகத்தடையில் ஏறும்போது வண்டியின் பாரம் முழுக்க முன்னால் சாய்ந்திருக்கும், அந்த நேரத்தில் விழும் அடிதான் பின்பக்க புஷ்ஷைக் கிழிக்கிறது.

ஏன் முன்பக்கம் மட்டும்? இந்த வகை வண்டிகளில் முன்னால் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. கீழே ஒரே ஒரு லோயர் ஆர்ம். மேலே ஆர்ம் கிடையாது, ஷாக் அப்சார்பரே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் வேலை செய்கிறது. இடம் மிச்சம், எடை மிச்சம், செலவும் மிச்சம். சின்னக் காருக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் கனமான டீசல் என்ஜின் முன்னால் உட்கார்ந்து, இழுவையும் முன்சக்கரத்துக்கே போய், பெரிய ரிம்மும் அகல டயரும் மாட்டி, ஏழு பேரை ஏற்றினால் அந்த ஒரு ஆர்மின் இரண்டு புஷ்ஷும் ஒரு பால் ஜாயின்ட்டும் எவ்வளவு சுமக்கும்? முன் புஷ் கெட்டியாக இருந்து பக்கவாட்டு விசையைத் தாங்கும். பின் புஷ் மென்மையாக இருந்து, குழியில் விழும் அடியையும் பிரேக்கின் இழுப்பையும் உறிஞ்சும். பயணம் சுகமாக இருக்க வேண்டும் என்று அதை மேலும் மென்மையாக்கும்போது ஆயுள் குறைகிறது. ஷோரூம் வாசலில் பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் அந்தச் சுகம் தெரியும், ஆயுள் தெரியாது.

இதே சாலையில் பொலிரோக்கள் சலிக்காமல் ஓடுகின்றன. உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும், வளைவில் சாயும், ஆனால் தனிச் சேஸிஸ் மேல் கட்டிய முரட்டு அமைப்பு. பழைய இன்னோவாவின் முன்பக்கத்தில் மேலும் கீழும் இரண்டு ஆர்ம் கொண்ட டபுள் விஷ்போன். அதிலும் புஷ் தேயும், பால் ஜாயின்ட் ஆடும், ஆனால் பாரம் பங்கு பிரிகிறது. எங்கள் பக்கத்து டிராவல்ஸ்காரர்கள் பழைய இன்னோவாவை விடாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மாற்றிய பாகம் ஏன் சீக்கிரம் போகிறது என்பதற்கு விடை சொன்னவர் சாத்தூர் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். “அண்ணாச்சி, போன தடவை போல்ட்டை எப்படி முறுக்குனாங்க? வண்டி லிஃப்ட்ல தொங்கும்போதா, சக்கரம் தரையில இருக்கும்போதா?” என்று கேட்டார். லிஃப்டில்தான் என்றேன். “அப்ப புஷ் பொறக்கும்போதே முறுக்கிக்கிட்டுப் பொறந்திருக்கு” என்றார். அவர் சொன்னது இதுதான். லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர், உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு மீளும். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய உடனேயே ரப்பர் ஒரு பக்கமாக முறுக்கேறி நிற்கும். சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் அந்த முறுக்கு விடாது. அதன்மேல் கரிசல் சாலையின் அடியும் விழுந்தால் எத்தனை நாள் தாங்கும்? வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். கூடுதலாகக் கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரம் பெரிய சர்வீஸ் சென்டரில் எனக்குக் கிடைக்கவில்லை, தகரக் கூரைக்குக் கீழே கிடைத்தது. அவர் மாட்டிய புஷ்கள்தான் இதுவரை நீண்ட நாள் உழைத்தவை.

பாகம் விற்கும் முறையிலும் அநியாயம் இருக்கிறது. கிழிந்தது ஒரு புஷ், ஆனால் ஆர்ம் முழுவதையும்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். பால் ஜாயின்ட்டையும் ஆர்மோடு சேர்த்தே விற்கிறார்கள். நல்ல இரும்பு குப்பைக்குப் போகிறது, பணம் நம் பையிலிருந்து போகிறது. வெளியே தனி புஷ் வாங்கிப் பிரஸ்ஸில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ரப்பரின் தரம் கடைக்குக் கடை மாறும். பால் ஜாயின்ட்டில் மட்டும் மலிவுப் பாகத்துக்குப் போகவே கூடாது. அதன் ரப்பர் உறை கிழிந்தால் கரிசல் புழுதியும் தண்ணீரும் உள்ளே போய், கிரீஸோடு சேர்ந்து உப்புத்தாள்போல உருண்டையைத் தேய்த்துவிடும். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கி வண்டி அப்படியே உட்காரும். ஸ்டீயரிங் கையில் இருந்தும் பயனில்லை. முன்னால் பட்டாசு லாரி, எதிரே ஆலைக்கு ஆள் ஏற்றி வரும் வேன் என்று இருக்கும் சாலையில் இதை வெறும் சத்தப் பிரச்சினையாக என்னால் பார்க்க முடியவில்லை.

உலகமும் இதைச் சத்தப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. 2005இல் அமெரிக்காவில் டொயோட்டா தன் பிக்கப், எஸ்யூவி வண்டிகளில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை முன்பக்க லோயர் பால் ஜாயின்ட்டுக்காகத் திரும்ப அழைத்தது. நம் மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டில், 2017 மே, ஜூன் மாதங்களில் வெளிவந்த 4,379 வண்டிகளை முன் லோயர் ஆர்மின் வெல்டிங்கைச் சோதிக்க 2018இல் அழைத்தார்கள். மஹிந்திரா எக்ஸ்யூவி300இலும் 2019 மே மாதம் வரை தயாரான ஒரு தொகுதிக்கு சஸ்பென்ஷன் பாகம் ஒன்றைப் பரிசோதித்து மாற்றித்தர அழைப்பு வந்தது. தவறு நேர்ந்தால் தானாக முன்வந்து அழைப்பதை நான் மதிக்கிறேன். என் கவலை, தயாரிப்புத் தவறு என்று நிரூபிக்க முடியாமல் ‘ரோடு சரியில்லை சார்’ என்ற பதிலோடு திருப்பி அனுப்பப்படும் வண்டிகளைப் பற்றியது.

சட்டம் இருக்கிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, பழுதான வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். உரிமையாளர்கள் புகார் பதிய வாகன் இணையதளத்தில் இடம் உண்டு. ஆனால் தயாரித்து ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இந்த விதி பொருந்தும். ஆர்.சி. புத்தகத்தில் 15 ஆண்டு ஓட அனுமதி தரும் நாட்டில் இந்த ஏழு ஆண்டு வரம்பு குறைவு. அமெரிக்காவில், திரும்ப அழைத்த வண்டியின் பழுதை இலவசமாகச் சரிசெய்ய வேண்டிய காலமே 15 ஆண்டு. இந்திய விதியின் வரம்பையும் உயர்த்த வேண்டும். கூடவே, புஷ்ஷுக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் குறைந்தபட்சக் கிலோமீட்டர் உத்தரவாதத்தை வாரண்டிப் புத்தகத்திலேயே அச்சிட வைக்க வேண்டும். விளம்பரத்தில் பாறை மேல் ஏறிக் காட்டும் வண்டி வெம்பக்கோட்டை சாலையைத் தாங்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை அல்ல.

இந்த வகை வண்டியைப் பழையதாக வாங்க நினைக்கிறவர்களுக்கு என் தீர்ப்பு இது: என்ஜினையும் பெயின்ட்டையும் பார்த்து மயங்கி முன்பணம் கொடுக்காதீர்கள். முதலில் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைகிறதா? அப்படியென்றால் பால் ஜாயின்ட்டோ வீல் பேரிங்கோ போயிருக்கும். இடமும் வலமும் ஆட்டினால் அசைந்தால் டை ராடு. கடப்பாரைக் கம்பியை ஆர்முக்கு அடியில் கொடுத்து மெல்ல நெம்பினால் புஷ்ஷின் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடும் சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட். முன் டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். இவற்றில் இரண்டு தெரிந்தால் முப்பதாயிரம் ரூபாயாவது விலையில் குறைத்துக் கேளுங்கள், குறைக்காவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுத வைத்து நகல் வாங்குங்கள், கழற்றிய பாகத்தைத் தேதி எழுதி வீட்டில் வையுங்கள். வண்டிக்கு ஏழு வயது ஆகவில்லை என்றால் வாகன் தளத்தில் இன்றே புகாரைப் பதியுங்கள். வாரண்டியை மறுத்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும்.