லெமூர் குளத்து அலை

கலிஃபோர்னியாவின் லெமூர் வயல்களும் பால்பண்ணைகளும் சூழ்ந்த ஊர். கடலுக்குப் போக 100 கிலோமீட்டருக்கும் மேல். 11 முறை உலகச் சாம்பியனான கெல்லி ஸ்லேட்டர், அங்கே தான் உருவாக்கிய அலையை 2015 டிசம்பரில் காட்டியபோது அலைச்சறுக்கு உலகம் வாயைப் பிளந்தது.

நீண்ட குளம், ஓரமாகத் தண்டவாளம். அதில் ஓடும் வண்டி, நீருக்குள் இறக்கை போன்ற தகடு ஒன்றை இழுத்துச் செல்கிறது. அது தள்ளும் நீர், கணக்கிட்டு வடிவமைத்த தரைமேல் ஏறிக் குழலாகச் சுருள்கிறது. எனக்குப் பிடித்தது அதற்குப் பின் வரும் காத்திருப்புதான். குளம் அடங்கச் சில நிமிடங்களாகும். அடங்கினால்தான் அடுத்த அலை கண்ணாடிபோல் எழும். இவ்வளவு பணம் கொட்டியும் தண்ணீரை அவசரப்படுத்த முடியவில்லை!

பயிற்சிக்கு ஒப்பற்ற இடம். சறுக்கிய அதே வளைவு அடுத்த முறையும் அப்படியே வரும். ஆனால், அலை எங்கே உடையும் என்று ஊகித்து இடம்பிடிக்கும் பாதி வித்தைக்கு அங்கே வேலையே இல்லை. போட்டியாகப் பார்த்தால் பத்தாவது அலைக்குள் கண் சலித்துவிடுகிறது.

கடல் அப்படியல்ல. 2024 ஒலிம்பிக் அலைச்சறுக்கு அரையிறுதியில், தஹிதியின் தியாஹுபோ கடல் பிரேசில் வீரர் கேப்ரியல் மெடினாவுக்குக் கொடுத்தது ஒரே அலை. இரண்டாவதற்குக் காத்திருந்தே தோற்றார். அநியாயம்தான், ஆனாலும் எனக்கு அந்தப் போட்டிதான் வேண்டும்.