சேதுபதியின் நிழற்படமும் உடுப்பிட்டிப் புலவரின் பிரபந்தமும்

இராமநாதபுரம் ஜமீனை ஆண்ட பாஸ்கர சேதுபதியை உடுப்பிட்டியிற் கற்றவர்கள் அறியும் வழிகள் இரண்டு. எங்களூர்ச் சிவசம்புப் புலவர் அவர்மீது பாடிய கல்லாடக் கலித்துறை முதலிய பிரபந்தங்கள் ஒன்று. நூல்களில் மீண்டும் மீண்டும் அச்சேறும் அவருடைய நிழற்படம் மற்றொன்று. இவற்றுள் முன்னதைப் பரிசில் நோக்கிய முகஸ்துதியென ஒதுக்கிவிட்டு, பின்னதை மாத்திரம் பொய்யறியாத சாட்சியாகப் போற்றும் மனப்பான்மை நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. அந்தச் சாட்சியைச் சற்றே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்.

1860இல் மேயால் என்பவர் எடுத்த இராஜ குடும்பத்துச் சிறு படங்கள் விற்பனைக்கு வந்தபின், விக்டோரியா மகாராணியின் உருவமே கடையில் விலைக்குக் கிடைக்கும் பொருளாயிற்று. இங்கிலாந்துப் பிரபுக்களும், அவர்களைப் பின்பற்றிச் சுதேச மன்னரும் ஜமீன்தார்களும் படப்பிடிப்பு நிலையங்களை நாடினர். அங்கே தீட்டிய திரை, செதுக்கு வேலை செய்த நாற்காலி, கம்பளம், தகட்டின் வேகம் குறைந்திருந்த காலத்தில் தலை அசையாதபடி பின்னாலிருந்து தாங்கிய இரும்புக் கால் ஆகிய யாவும் ஆயத்தமாயிருந்தன. அக்காலத்துக் கண்ணாடித் தகடு நீலத்துக்கு எளிதில் இணங்கும், சிவப்பையோ காணாது. ஆகையால் செம்பட்டும் மாணிக்கமும் கறுப்பாக விழ, மாநிற மேனியும் உள்ளதற்கு மேலாகக் கறுத்துத் தோன்ற, படக்காரர் பென்சில்கொண்டு தகட்டின் மீதே முகத்தைச் செப்பனிட்டுக் கொடுப்பார். புலவர் உவமையாற் செய்ததும் இதுவேயன்றோ? அவராவது யாவரும் அறியச் செய்தார்.

சேதுபதியோ ஒரு படத்துள் அடங்குபவரல்லர். 1868இற் பிறந்து, 1889இற் பொறுப்பேற்று, வரையாத கொடையாற் கடனில் அமிழ்ந்து, 1903இல் முப்பத்தைந்தாம் வயதில் மறைந்தவர். விவேகானந்தரைச் சிக்காகோவுக்குச் செல்லத் தூண்டியவர்களுள் ஒருவர். 1897 ஜனவரியில் பாம்பனில் வந்திறங்கிய சுவாமிகளின் வண்டியைத் தம் கையால் இழுத்தவர். அதே ஆண்டு மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலினுள், நுழைவு மறுக்கப்பட்டிருந்த நாடார்கள் புகுந்தபோது, பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் அவர்களுக்கெதிராக நீதிமன்றம் ஏறியவரும் இவரே. மேல்முறையீட்டின் நடுவே சமரசத்துக்கும் முற்பட்டார். வழக்கோ அவருக்குப் பின்னும் நீண்டு, 1908இல் பிரிவிக் கவுன்சிலில் நாடார்களுக்குப் பாதகமாகவே முடிந்தது. இந்த ஔதாரியம், இந்த ஆசாரப் பிடிவாதம், இந்த மனமாற்றம் ஆகிய எதையும் படம் சொல்லாது. பிரபந்தமும் கொடையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விழுங்கிவிடுகிற இனந்தான்.

ஆயினும் படத்தை முற்றும் நிராகரிப்பது அநியாயம். பாட்டுடைத் தலைவரின் பெயரை மாற்றினால் வேறொரு வேந்தருக்கும் பொருந்திவிடும் மலைத்தோளும் கார்முகிற் கையும் படத்திற் செல்லா. அங்கே நிற்பவர் இன்னாரே, பிறரல்லர். கமுதி வழக்கு எழுந்தபோது அவர் முப்பதை எட்டாதவர் என்பதை ஏட்டிற் படித்து மறந்துவிடும் நாம், அந்த இளமுகத்தைக் கண்டபின் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. வழக்குக் கட்டுகளில் ‘வாதி’ என்று மட்டும் நிற்பவருக்கு வயதைத் தருவது சிறிய உபகாரமன்று.

ஜமீன்களின் இந்தப் படமெடுக்கும் வழக்கம் எங்கள் வீடுகளிலும் குடிபுகுந்துவிட்டது. இறந்தவரின் முப்பத்தோராம் நாட் கிரியையில் வழங்கப்படும் ‘கல்வெட்டு’ என்னும் நினைவு நூலைப் பாருங்கள்: முதற்பக்கத்தில் படம், அப்பால் பாட்டு. கலியாணக் கூட்டப் படமொன்றிலிருந்து வெட்டியெடுத்ததாகையால், அயலில் நின்றவரின் தோள் ஒரு துண்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு; எந்த ஆண்டுப் படமென்பதற்கு மட்டும் குறிப்பிராது. பாட்டு எத்துணை மிகையாயினும், பிறந்த ஊர், பார்த்த உத்தியோகம், கொண்ட சம்பந்தம், இறந்த திதி ஆகியவற்றை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறது. ஊர்ச் சரித்திரம் எழுதுபவனுக்கு நான் முதலில் நீட்டுவது அந்தப் பாட்டையே.

ஆதலால், புலவரின் பிரபந்தங்களை மறுபடியும் பதிப்பிப்போர் சேதுபதியின் படத்தை முகப்பில் வைப்பதானால், அது கமுதிக்கு முன் எடுத்ததோ பின் எடுத்ததோ என்பதையும் படக்காரர் யாரென்பதையும் ஆராய்ந்து அடியிற் குறிக்கட்டும். அது கூடாதாயின் படத்தை விட்டுவிட்டு, கமுதித் தீர்ப்பைப் பின்னிணைப்பாகச் சேர்க்கலாம்.