தவறணையில் வானியல்

அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்வோம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். கொண்டுசெல்லும் இடம் எது, அங்கே யார் நுழையலாம் என்பதை மட்டும் நாம் விசாரிப்பதில்லை. 2013ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் மெக் ஷ்வாம்ப் என்னும் வானியலாளர் தொடங்கிய ‘அஸ்ட்ரோனமி ஒன் டப்’ இவ்விசாரணைக்கு வாய்ப்பளிக்கிறது. மதுச்சாலையில் மக்கள் கோப்பையும் கையுமாக அமர்ந்திருக்க, விஞ்ஞானிகள் விண்மீன்களையும் கோள்களையும் பற்றிச் சிறிது நேரம் பேசுவர். வினாவிடைப் போட்டியும் பரிசும் உண்டு. உலகின் பல நகரங்களுக்கும் இது பரவியுள்ளது.

இதில் போற்றத்தக்க அம்சம் தெளிவானது. மக்கள் தன்னை நாடி வரட்டும் என்று காத்திராமல், அவர்கள் கூடும் இடத்துக்கு அறிஞன் போகிறான். பல்கலைக்கழக மண்டபத்தில் கைதூக்க அஞ்சுபவன் இங்கே துணிந்து கேட்கிறான். இம்முறை நமக்குப் புதிதன்று. 1874 டிசெம்பர் 9இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கவிருந்ததை முன்னிட்டு, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி வெளியிட்ட சிறுநூல் உரையாடலாகவே அமைந்தது. ஆங்கிலத்தோடு நில்லாது கன்னடத்திலும் உருதுவிலும் வெளிவந்தது. கேட்பவனுக்கும் வாய் உண்டு என்பதை அவர் ஒப்புக்கொண்டிருந்தார்.

ஆயின், மதுச்சாலைக் கூட்டத்தை அப்படியே கொழும்பில் கொண்டுவந்து நடலாமா? 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கலாகாது. பெண்களுக்கு மது விற்பதற்கிருந்த பழைய தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதியின் பணிப்பால் அந்நீக்கம் மீளப்பெறப்பட்டது. மாணவனும் பெண்ணும் வாயிலில் நின்றுவிட்டால் உள்ளே எஞ்சுவோர் யார்? உயர்தர மதுக்கூடமாயின் வசதி படைத்த சிலர். தவறணையாயின், நாட்கூலியில் ஒரு பங்கை இழந்த பின்னரே விண்மீனைப் பற்றிக் கேட்கக்கூடிய தொழிலாளி. இதனை மக்கள் அறிவியல் என்று எங்ஙனம் அழைப்பது?

வானமும் இவ்வேற்பாட்டுக்கு உடன்படுவதாயில்லை. பூரணை தினத்தில் இந்நாட்டின் மதுச்சாலைகள் மூடப்படும். சந்திரகிரகணமோ பூரணையிலன்றி நிகழாது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே பூமி வந்தாலன்றி அதன் நிழல் சந்திரன்மீது விழாது. 2025 செப்டெம்பர் 7ஆம் திகதி, பினர பூரணை இரவில், கொழும்பு நேரம் பதினொரு மணியளவில் சந்திரன் அந்நிழலுள் முழுமையாகப் புகுந்து, ஏறத்தாழ 82 நிமிடம் அங்கேயே இருந்தது. கிரகண வேளையில் உணவு நஞ்சாகும், கர்ப்பிணி வெளியே வரலாகாது என்ற அச்சங்களைத் தீர்க்க அதனினும் உகந்த இரவு எது? அந்த இரவில் மதுச்சாலைப் பேச்சாளனுக்கு இடமில்லை. அந்த அச்சத்தைச் சுமப்பவளோ எந்த இரவிலும் அங்கே வருபவள் அல்லள்.

ஆகவே முறையை ஏற்போம். இடத்தை நாமே தேர்வோம். அவர்களது குழாய் பீப்பாய்க் குழாய். நமது தோட்டங்களில் மக்கள் கூடும் பொதுக்குழாயடி உண்டு. கிருலப்பனையில் தேநீர்க்கடை உண்டு. கொட்டாஞ்சேனையில் பாடசாலை முற்றம் உண்டு. வெள்ளவத்தையில் கடற்கரை உண்டு. பூரணைச் சந்திரன் சூரியன் மறையும் வேளையில் கிழக்கே எழுவது ஏன் என்ற ஒரு வினாவைத் தமிழிலும் சிங்களத்திலும் அங்கே எழுப்புவோம். நண்பர்களே, அதற்குத் தொலைநோக்கி வேண்டியதில்லை. கேட்பவர் மறுத்துப் பேசும்போது பொறுமையோடு செவிமடுக்கும் ஆசிரியர் வேண்டும்.