ஐந்து சதுர மீட்டரும் ஒரு சன்னலும்

விதிநூலுக்கும் ஒரு நடை உண்டு. தன் வாசகர் யார் என்ற கணிப்பும் உண்டு. இந்தியாவின் தேசிய கட்டட விதித்தொகுப்பை அப்படி ஒரு பிரதியாக எடுத்துப் படித்தால், அதன் பலமும் பலவீனமும் ஒருசேரப் புலப்படும் இடம் சமையலறைதான். 1970இல் வெளிவந்து 1983, 2005, 2016 என மும்முறை திருத்தம் கண்ட நூல் இது. புதிதாகச் சமையலறை கட்டுகிறவருக்கு இது சொல்வது ஒன்று. இருக்கும் சமையலறையை இடித்து மாற்றுகிறவருக்குச் சொல்வது வேறொன்று. இரண்டையும் தனித்தனியே எடைபோடுவதுதான் முறை.

முதலில் அளவுகள். சாப்பாட்டு அறை தனியாக இருந்தால் சமையலறை 5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அகலம் குறைந்தது 1.8 மீட்டர். சாமான் அறையும் தனியாக இருந்தால் 4.5 சதுர மீட்டர் போதும். சமைக்கும் இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவதென்றால் 7.5 சதுர மீட்டர், அகலம் 2.1 மீட்டர். உயரம் 2.75 மீட்டர். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஜாலி போட்ட ட்ராப் வழியாகத்தான் கழிவுக்குழாயில் சேர வேண்டும். தரை நீர் இறங்காததாக இருக்க வேண்டும். சன்னலுக்குத் தட்பவெப்பமே அளவுகோல்: வெக்கையும் ஈரமும் மிகுந்த ஊரில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும், சமையலறை என்றால் அதற்கு மேலும் 25 விழுக்காடு.

இந்தப் பகுதியின் சாதனை அதன் சிக்கனம். வெறும் எண்களாகத் தோன்றுபவற்றுக்குள் ஒரு குடும்பத்தின் புழக்கம் கணக்கிடப்பட்டிருக்கிறது. அரிசி மூட்டைக்கு வேறு இடம் இருந்தால் அரைச் சதுர மீட்டர் விட்டுக்கொடுக்கிறது. பந்தியும் அங்கேயே என்றால் இரண்டரைச் சதுர மீட்டர் கூடுதலாகக் கேட்கிறது. சென்னைக்கு ஒரு சன்னல், சிம்லாவுக்கு வேறு சன்னல் என்று பிரித்துப் பார்க்கும் அறிவும் இதற்கு உண்டு.

குறையும் அதே சிக்கனத்திலிருந்துதான் பிறக்கிறது. விதி தரையை அளக்கிறது. தரைமேல் நிற்பவரை அளப்பதில்லை. 1.8 மீட்டர் அகல அறையில் ஒரு பக்கம் மட்டும் 60 சென்டிமீட்டர் மேடை போட்டால் நிற்க, திரும்ப, நடக்க 1.2 மீட்டர் மிஞ்சும். புதுப்பிக்கும்போது எதிர்ச்சுவரிலும் மேடை வந்தால் மிஞ்சுவது 60 சென்டிமீட்டர். அடுப்பிலிருந்து சாம்பார்ப் பாத்திரத்தை இறக்கித் திரும்புகிறவருக்குப் பின்னால் இன்னொருவர் கடந்துபோக முடியாது. விதியின் கண்ணில் இரண்டும் ஒரே அறை: அதே அகலம், அதே பரப்பு. புகைபோக்கி பற்றிய வாசகமும் இப்படித்தான் நழுவுகிறது. தேவை என்று கண்டால் வைக்கலாம் என்கிறது. காண்பவர் யார், எதை வைத்துக் காண்பது என்பதற்கு அந்த இடத்தில் விடையில்லை.

இனி அனுமதி. நிர்வாகப் பகுதியில் ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது. கதவு, சன்னல், வெண்டிலேட்டர் திறப்பது, அடைப்பது, அறைக்கும் அறைக்கும் நடுவே கதவு வைப்பது, தடுப்பு எழுப்புவது, பொய்க்கூரை, தரை மாற்றுவது, பூச்சுவேலை, ஒட்டுவேலை, வெள்ளையடிப்பது, வண்ணம் பூசுவது. இவற்றுக்குக் கட்டட அனுமதி வேண்டியதில்லை. பட்டியலின் மனம் நல்லது. சுண்ணாம்பு அடிப்பதற்கும் அலுவலகப் படி ஏற வேண்டுமென்றால் யாரும் சுவரைத் தொடமாட்டார்கள்.

பட்டியலைக் கெடுப்பது அதன் தலைப்பில் ஏறி உட்கார்ந்திருக்கும் நிபந்தனை. பொதுக் கட்டடத் தேவைகள், கட்டமைப்பின் உறுதி, தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றில் எதையும் மீறாத வேலைக்கே இந்த விலக்கு. மீறவில்லை என்று முடிவு செய்வது யார்? அனுமதிக்கே போகத் தேவையில்லாதவரிடம் பொறியாளரும் இருக்கமாட்டார். அவரிடம் இருப்பவர்கள் ஒரு கொத்தனார், ஒரு பிளம்பர், கேட்லாக்கோடு வந்த மாடுலர் கிச்சன்காரர். விதித்தொகுப்பின் எல்லாப் பகுதிகளையும் கற்றவர் மட்டுமே தீர்க்கக்கூடிய கேள்வியை, அதன் ஒரு பக்கத்தையும் புரட்டியிராதவர் கையில் கொடுத்துவிட்டு நூல் நகர்ந்துவிடுகிறது.

சென்னைப் புறநகரில் இருபது வயதான அடுக்குமாடி வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். சமையலறை 1.8க்கு 2.8 மீட்டர், பரப்பு 5.04. தேவையான திறப்பு ஏறக்குறைய 1.05 சதுர மீட்டர். சன்னல் அதற்குக் குறைவில்லை. அது பின்பக்க யுடிலிட்டி பால்கனியைப் பார்த்துத் திறக்கிறது. வாஷிங் மெஷின் மழையில் நனைகிறதென்று வீட்டுக்காரர் பால்கனியை யுபிவிசி சன்னல் போட்டு அடைக்கிறார். வெளிக்காற்றிலோ திறந்த தாழ்வாரத்திலோ திறக்க வேண்டிய சமையலறைச் சன்னல், இப்போது மூடிய ஓர் அறைக்குள் திறக்கிறது. சமையலறையில் ஒரு செங்கல்லும் அசையவில்லை. ஆனால் அது விதிக்கு வெளியே போய்விட்டது. பட்டியலின்படி சன்னல் வைப்பது விலக்குக்கு உட்பட்டது, நிபந்தனையின்படி உட்படாதது. வீட்டுக்காரர் படிப்பது பட்டியலைத்தான்.

அடுத்து அவர் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுக்க விரும்புகிறார். தடுப்பு எழுப்ப விலக்கு உண்டு. இருக்கும் சுவரை எடுப்பது பற்றிப் பட்டியலில் பேச்சே இல்லை. திறந்த சமையலறை என்பதே இன்றைய புதுப்பித்தலின் முதல் ஆசையாக இருக்கும்போது, பட்டியல் அந்த ஆசைக்கு முந்திய காலத்திலேயே நிற்கிறது. கடைசியாகச் சிலிண்டர், புது அலமாரியின் கதவுக்குப் பின்னால் போகிறது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். சமையலறைப் பிரிவு கேட்கும் சன்னல் இடுப்புக்கு மேலே இருக்கிறது. எரிவாயுவுக்கு 9ஆம் பகுதிக்குப் போக வேண்டும், மின்சாரத்துக்கு 8ஆம் பகுதிக்கு, தீக்கு 4ஆம் பகுதிக்கு, அறை அளவுக்கு 3ஆம் பகுதிக்கு, அனுமதிக்கு 2ஆம் பகுதிக்கு. துறைவாரிப் பகுப்பு எழுதுகிறவர்களுக்கு வசதி. சமையலறையோ ஒரே அறை. நூலின் ஒருமை உடைவது இங்கேதான்.

ஒப்புநோக்க அமெரிக்காவின் சர்வதேச குடியிருப்பு விதித்தொகுப்பை வைக்கலாம். 2000இல் தொடங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. நம்முடையதைப் போல அதுவும் மாதிரி நூல்தான். மாநிலமோ நகரமோ ஏற்றால்தான் சட்டம். அதன் விலக்குப் பட்டியலும் வண்ணம், டைல், அலமாரி, மேடைக்கல் என்று தாராளமானதே. வேறுபாடு முறையில் இருக்கிறது. மின்கம்பி, குழாய், எரிவாயு இணைப்பு ஆகியவற்றைப் புதிதாக இழுத்தால் அனுமதி வேண்டும். சுவரை மூடுவதற்கு முன்பே ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். எது வேலை முடிந்தபின் கண்ணுக்குத் தெரியாதோ அதைத்தான் அந்த நூல் கையில் பிடிக்கிறது.

அங்குள்ள தேசிய மின் விதித்தொகுப்பு இன்னும் கூர்மையானது. சுவரோர மேடையின் எந்தப் புள்ளியும் ஒரு பிளக்கிலிருந்து 24 அங்குலத்துக்கு அப்பால் இருக்கக் கூடாது என்கிறது. சமையல் சாதனங்களின் ஒயர் குட்டையானது. இழுத்து நீட்டவோ அடுப்பைக் கடக்கவோ வேண்டாம் என்பது காரணம். 2023 பதிப்பு தன்னையே திருத்திக்கொண்டது. நடுவில் தனித்து நிற்கும் மேடைகளின் பக்கவாட்டில் பிளக் இருந்ததால் ஒயர்கள் தொங்கின. குழந்தைகள் பிடித்து இழுத்துச் சூடானதைத் தங்கள்மேல் கொட்டிக்கொண்டார்கள். மேடைப்பரப்புக்குக் கீழே பிளக் வைக்கும் வழக்கத்தையே அந்தப் பதிப்பு நீக்கியது. விபத்திலிருந்து கற்கும் விதி என்பதற்கு இது சான்று.

ஆனால் அந்தக் குடியிருப்பு விதித்தொகுப்பைத் தலைமேல் வைத்துக் கொண்டாடவும் இயலாது. நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் காற்றை இழுக்கும் சிம்னி இருந்து, வீட்டில் புகை வெளியேறக் குழாயை நம்பியிருக்கும் எரிசாதனமும் இருந்தால், ஈடுகாற்று வர வழி வேண்டும் என்று நுட்பமாகக் கேட்கிறது. அதே நூல், காற்றை வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும் குழாயில்லாச் சிம்னியையும் சில நிபந்தனைகளோடு ஏற்கிறது. நடைவழி அகலத்தில் அதுவும் நம்மைப் போலவே மௌனம். 42 அங்குலம் என்பது அங்கே தொழில்முறை அமைப்பொன்றின் பரிந்துரை மட்டுமே. கட்டணமும் காத்திருப்பும் மிகுந்தால் வீட்டுக்காரர் சொல்லாமலே வேலையை முடித்துவிடுவார் என்ற பலவீனமும் அந்த முறைக்கு உண்டு.

ஆகவே அவர்களைப் போல மூடி மறையும் வேலைக்கெல்லாம் அனுமதி கேள் என்பது என் முடிவல்ல. வீட்டுக்காரரை நம்பும் போக்கு சரியானதே. தமிழ்நாட்டில் 2019இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்குப் பின், 2024 ஜூலையில் 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறை வந்ததும் அந்தப் போக்கில்தான். ஆனால் ஒருவரை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தால், அவர் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் அந்தப் பொறுப்பை எழுதித் தர வேண்டும். அந்தக் கடமையை விதித்தொகுப்பு செய்யவில்லை.

தீர்ப்பு இதுதான். புதுச் சமையலறைக்கான அளவுநூலாக இது தேறுகிறது. காற்றும் வெளிச்சமும் கழிவுநீரும் பற்றிய அதன் அடிப்படைகள் அசைக்க முடியாதவை. மாற்றுவேலைக்கான விதிநூலாக இது தேறவில்லை. விலக்குப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சிறு பட்டியல் வேண்டும்: எடுக்கப்போகும் சுவர் எதைத் தாங்குகிறது, அடைக்கப்போகும் திறப்பு எந்த அறையின் காற்று, மூடப்போகும் கம்பியையும் குழாயையும் மூடுமுன் பார்த்த தகுதியுள்ளவர் யார், சிலிண்டரின் காலடியில் காற்று போக வழி எங்கே. நான்கே கேள்விகள். கொத்தனார் உளியை எடுக்கும் முன் வீட்டுக்காரர் வாய்விட்டுக் கேட்கக்கூடியவை. இவை அச்சேறும்வரை, யுடிலிட்டியை அடைத்த வீட்டுக்காரர் எந்தத் தவறும் செய்யாதவராகவே தம்மை நினைத்துக்கொள்வார். அவர் படித்த பட்டியல் அப்படித்தான் சொல்கிறது.