குனிந்த கார்

விமர்சனம் என்றால் சினிமாவையோ நாவலையோ எதிர்பார்ப்பீர்கள். இந்த வாரம் ஒரே ஒரு தாளை விமர்சிக்கப் போகிறேன். வீல் அலைன்மென்ட் செய்யும் கடையில் கடைசியில் கம்ப்யூட்டர் துப்புகிற அந்த ரிப்போர்ட். நாலு சக்கரத்துக்கும் நாலு மூலை, நடுவில் ஒரு கார் பொம்மை, சுற்றிலும் சிவப்பிலும் பச்சையிலும் எண்கள். தமிழ்நாட்டில் மிக அதிகமாக அச்சாகி, மிகக் குறைவாகப் படிக்கப்படும் இலக்கியங்களில் இதுவும் ஒன்று. வாங்கியதும் மடித்து டாஷ்போர்டுக்குள் போட்டுவிடுகிறோம்.

எந்தக் காருக்கான ரிப்போர்ட் என்று சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை ஈ.சி.ஆர். பக்கம் போனால் பார்ப்பீர்கள். முட்டுக்காடு, கோவளம் தாண்டி மாமல்லபுரம் நோக்கிப் போகும் கூட்டத்தில் சில கார்கள் மட்டும் தரையை முத்தமிடுகிற மாதிரி குனிந்து போகும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்கூட நுழையாது. வேகத்தடை வந்தால் மட்டும், கோயிலில் பிராகாரம் சுற்றும் பெரியவர் மாதிரி, குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. 2001-ல் 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்' வந்த பிறகு இந்த அழகுக்கு உலகம் முழுக்கப் பக்தர்கள்.

இந்த அழகு பிறந்த இடம் ரேஸ் ட்ராக். நம் ஊரிலேயே இருக்கிறது: இருங்காட்டுக்கோட்டை. 1990-லிருந்து ஓடுகிறது, ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர் சொச்சம். அங்கே காரைத் தாழ்த்துவதில் நியாயம் உண்டு. கார் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, வளைவில் எடை ஒரு பக்கமாகச் சாய்வது அவ்வளவு குறையும். ஆனால் ரேஸ்காரர்கள் தாழ்த்தியதோடு விடுவதில்லை. நாலு சுற்று ஓட்டிவிட்டு வந்து டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் சூட்டை அளந்து, அதற்கேற்பச் சக்கரத்தின் சாய்வைத் திருத்துவார்கள். மறுபடி ஓட்டுவார்கள். மறுபடி அளப்பார்கள். தாழ்த்துவது ஒரு மணி நேர வேலை, திருத்துவதோ நாள் முழுக்க. நம் ஈ.சி.ஆர். வீரர் இதில் முதல் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

தாழ்த்தினால் சக்கரத்துக்கு என்ன ஆகிறது? பேப்பரும் பேனாவும் வேண்டாம். வலது கையைப் பக்கவாட்டில், தோளைவிடச் சற்றுத் தாழ்வாக நீட்டுங்கள். தோள்தான் காரின் உடம்பு, கை என்பது கீழே இருக்கும் லோயர் ஆர்ம், விரல் நுனியில் சக்கரத்தின் அடிப்பாகம். இப்போது கையை மெதுவாக உயர்த்துங்கள். தோள் மட்டத்துக்கு வரும்வரை விரல் உடம்பைவிட்டு விலகிக்கொண்டே போகிறது. காரைத் தாழ்த்தும்போது நடப்பது இதுதான். சக்கரத்தின் அடிப்பாகம் வெளியே தள்ளப்படுகிறது. தலை உள்பக்கம் சாய்கிறது. இதற்குப் பெயர் நெகட்டிவ் கேம்பர். கொஞ்சம் இருந்தால் வளைவில் பிடிமானம் கூடும். அதிகமானால் டயர் உள்விளிம்பில் மட்டும் நின்றுகொண்டு ஓடும்.

கையை இன்னும் உயர்த்துங்கள். தோள் மட்டத்தைத் தாண்டியதும் விரல் உடம்பை நோக்கித் திரும்பி வருகிறது, பார்த்தீர்களா? அதாவது அளவுக்கு மீறித் தாழ்த்திய கார் வளைவில் அமுங்கும்போது, வேண்டிய சாய்வு கூடுவதற்குப் பதில் குறைய ஆரம்பிக்கும். இன்னொரு கூத்தும் உண்டு. கார் எந்த மையத்தைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த 'ரோல் சென்டர்', பெரும்பாலான சாதாரண ஸ்ட்ரட் சஸ்பென்ஷன்களில், காரின் உடம்பைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் இடைவெளி கூடுகிறது. சாய்க்கிற நெம்புகோல் நீளமாகிறது. ஸ்பிரிங்கைப் போதிய அளவு இறுக்கமாக்காமல் தாழ்த்தினால், வளைவில் சாயக்கூடாது என்று தாழ்த்திய கார் முன்னைவிட அதிகமாகச் சாயும்! கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. "வண்டி சும்மா ரோட்டோட ஒட்டிக்கிட்டு ஓடும் ஸார்" என்பதோடு அவர் இயற்பியல் முடிந்துவிடும்.

ஆனால் டயரைத் தின்னும் பெரிய வில்லன் கேம்பர் இல்லை. டோ. மேலிருந்து பார்த்தால் இரண்டு முன்சக்கரமும் நேராக இருக்கின்றனவா, அல்லது பாதங்களை உள்ளே மடித்தோ வெளியே விரித்தோ நடக்கிறவர் மாதிரி இருக்கின்றனவா என்பதுதான் டோ. ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராட் ஒரு வட்டத்தில் ஆடுகிறது, லோயர் ஆர்ம் வேறொரு வட்டத்தில். கம்பெனி வைத்த உயரத்தில் இரண்டும் ஒத்துப்போகும்படி செய்திருப்பார்கள். தாழ்த்தினால் அந்த ஒற்றுமை போச்சு. நின்ற நிலையிலேயே டோ மாறிவிடும். அதைச் சரிசெய்தாலும், ஒவ்வொரு பள்ளத்திலும் மேட்டிலும் ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் கொஞ்சம் திரும்பும். இதை 'பம்ப் ஸ்டீர்' என்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. சக்கரம் போகிற திசையிலிருந்து அரை டிகிரி திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 400 மீட்டர் தூரம் அந்த டயரைத் தார் ரோட்டில் அரம் போட்டுத் தேய்த்த கணக்கு. போவதற்கு மட்டும். திரும்பி வர இன்னொரு 400.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்கள் இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டு. ஒன்றுக்கும் சக்கரம் கிடையாது. பல்லவர்கள் விவரமானவர்கள்.

இப்போது நம் தாளுக்கு வருவோம். ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரை எத்தனை அலைன்மென்ட் கடைகள்! மெஷின்கள் பெரும்பாலும் நல்ல மெஷின்கள். குறை அவற்றின் மேல் இல்லை. ரிப்போர்ட்டில் 'இருக்க வேண்டிய அளவு' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த எண் கார் கம்பெனி கொடுத்தது. கம்பெனி வைத்த உயரத்துக்கானது. உங்கள் கார் அந்த உயரத்தில் இல்லை என்பது மெஷினுக்குத் தெரியாது. பையன் டை ராடைத் திருகி முன்சக்கர டோவைப் பச்சைக்குக் கொண்டுவருகிறான். கேம்பர் கட்டம் சிவப்பாகவே இருக்கிறது. கேட்டால், "அது இந்த வண்டியில அட்ஜஸ்ட்மென்ட் இல்ல ஸார், அப்படித்தான் இருக்கும்." பின்சக்கரக் கட்டங்களைப் பற்றி அவனும் பேசுவதில்லை, நீங்களும் கேட்பதில்லை. பின்சக்கரத்தின் டோ கோணலாக இருந்தால் காரின் வால் ஒரு பக்கம் போகப் பார்க்கும். அதை நேராக்க ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பியே பிடித்திருக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் வேகத்தில், மழையில், இதுதான் ஆளைக் கவிழ்க்கும் கட்டம்.

'அட்ஜஸ்ட்மென்ட் இல்ல' என்பது பாதி உண்மை. கம்பெனி வைக்கவில்லை, வாஸ்தவம். ஆனால் ஸ்ட்ரட்டையும் சக்கரத் தாங்கியையும் இணைக்கும் இடத்தில் போடுவதற்கென்று மையம் விலகிய போல்ட்டுகள் விற்கின்றன. திருகினால் சக்கரம் ஒன்றரை டிகிரி அளவுக்குச் சாய்வு மாறும். சில கார்களுக்கு ஸ்ட்ரட்டின் தலையில் போடும் தகடுகளும் உண்டு. அறுபதாயிரம் ரூபாய்க்கு ஸ்பிரிங்கும் ஷாக்கும் விற்றவர், சில ஆயிரம் ரூபாய் போல்ட்டைப் பற்றி வாய் திறக்காததுதான் என் புகார். போல்ட் காரின் அழகைக் கூட்டாது, போட்டோவில் விழாது.

இதைவிட மோசம் ஸ்பிரிங்கை வெட்டுகிற கேஸ். ஒன்றரைச் சுற்று அறுத்து எடுத்துவிடுவது, அல்லது கேஸ் வெல்டிங் நெருப்பில் காய்ச்சி அமுக்கிவிடுவது. காய்ச்சிய ஸ்பிரிங்கின் பதம் போய்விடும். வெட்டிய ஸ்பிரிங் பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இருக்கையைவிட்டு நழுவலாம். அந்தக் காரை எந்த அலைன்மென்ட் மெஷினில் ஏற்றியும் பிரயோஜனம் இல்லை.

விமர்சகன் பாராட்டவும் வேண்டும் அல்லவா? செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கடையில் வேலை செய்தவரைப் பார்த்து அசந்துபோனேன். புது ஸ்பிரிங் போட்ட வண்டியை உடனே மெஷினில் ஏற்ற மறுத்துவிட்டார். "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, ஸ்பிரிங் உக்காரட்டும்" என்றார். வந்ததும் முதலில் காற்று பார்த்தார். அப்புறம் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வரை நாலு பக்கமும் டேப் வைத்து அளந்து தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார். லோயர் ஆர்ம் புஷ்களின் போல்ட்டை, வண்டி தன் எடையில் நிற்கும்போது தளர்த்தி மறுபடி முறுக்கினார். லிஃப்ட்டில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால் அந்த ரப்பர் நிரந்தரமாக முறுகி நின்று சீக்கிரம் கிழிந்துபோகும். இதையெல்லாம் முடித்த பிறகுதான் கம்ப்யூட்டர். பின்சக்கரம் முதலில், முன்சக்கரம் அப்புறம். அவர் கொடுத்த தாளில் கம்ப்யூட்டர் எண்களைவிட ஓரத்துப் பேனா எழுத்துக்குத்தான் மதிப்பு. அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம்.

கடற்கரை ஓரத்துக் கார்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை. உப்புக் காற்றில் டை ராடின் மரை துருப்பிடித்து இறுகிவிடும். ஒரு பக்கம் திரும்பவில்லை என்றால், திரும்புகிற பக்கத்தை மட்டும் திருகி மொத்த டோவைச் சரிக்கட்டிவிடுவார்கள். கட்டம் பச்சை. ஸ்டீயரிங் மட்டும் கோணல்.

எனக்கு விசித்திரமாகப் படுவது இன்னொன்று. 1999-ல் மறைமலை நகரில் ஃபோர்டு ஐக்கான் செய்தபோது, ஐரோப்பிய ஃபியஸ்டாவின் அடித்தளத்தை நம் ரோட்டுக்காக உயர்த்திப் பலப்படுத்தினார்கள். 2022-ல் அங்கே கார் தயாரிப்பு நின்றுபோனாலும் அந்தப் பழைய ஐக்கான்களுக்கு இன்னும் ரசிகர்கள் உண்டு. பக்கத்தில் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை. 2021-லிருந்து எம்340ஐ என்கிற அசுர வேகக் காரை அங்கேதான் பூட்டுகிறார்கள். காரணம் இல்லாமல் எந்த இன்ஜினீயரும் உயரத்தை நிர்ணயிப்பதில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் இலக்கணப்படியே ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். ஊர்க்காரர்கள் விபத்துக்கு மறுநாள் கோபத்தில் போடும் வேகத்தடைக்கு எந்த இலக்கணமும் கிடையாது. தாழ்த்திய காரில் சஸ்பென்ஷன் அமுங்க இடமும் குறைவு. பள்ளத்தில் இறங்கி 'டங்' என்று அடித்தால், காலையில் காசு கொடுத்து வைத்த அலைன்மென்ட் மாலையில் இருக்காது.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அதே வருஷம் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் காருக்கு அடியில் குனிந்து பார்ப்பார் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே தாழ்த்திவிட்டீர்கள் என்றால், மாமல்லபுரத்தில் காரை நிறுத்தும்போது ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி விட்டு இறங்குங்கள். வெளியே நின்று பார்த்தால் தெரியாத உள்விளிம்பு அப்போதுதான் கண்ணில் படும். டயர் ஆறியதும் உள்ளங்கையை அதன் பட்டைமேல் உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிருந்து உள்ளே ஒரு தடவை தடவுங்கள். பூனையின் முதுகு மாதிரி ஒரு பக்கம் வழவழ, எதிர்ப்பக்கம் சொரசொர என்றால் டோ சரியில்லை. உள்விளிம்பு மட்டும் மொட்டை என்றால் கேம்பரும் சேர்ந்து வேலை செய்திருக்கிறது. கம்பி எட்டிப் பார்த்தால், தடவுவதை உடனே நிறுத்துங்கள், கையைக் கிழிக்கும். அங்கேயே ஸ்டெப்னி மாற்றிக்கொண்டு மெதுவாகத் திரும்புங்கள். ஸ்டெப்னி இருந்தால். இப்போது பல ஸ்போர்ட்ஸ் கார்களில் அதுவும் கிடையாது.